கோலுக்குப் பின்னால் நிற்கலாமா?

வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு நாளை உள்ளூர் கால்பந்து ஆட்டத்துக்கு ஒதுக்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பாதிப் பேர் ‘டிக்கெட் எப்படி வாங்குவது’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கத்து டிக்கெட் என்று கேட்டவர் ஒருவர்தான். அவருடைய கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

டிவியில் பார்க்கும்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் தொண்ணூறு நிமிடமும் நின்றபடியே பாடுகிறது. அங்கேதான் நிற்க ஆசை. முதல்முறை போகிறவருக்குச் சரிப்படுமா?

முதல்முறை என்றால் வேண்டாம். அந்த கேலரியில் ஒவ்வொரு படிக்கும் ஏற்கெனவே ஆள் உண்டு. வாராவாரம் வருகிறவர்கள், மேளக்காரர்கள், கொடி பிடிப்பவர்கள் என்று எல்லோருக்கும் நிற்குமிடம் வருடக்கணக்காகப் பழகிப்போனது. உங்கள் டிக்கெட்டில் வரிசை எண் அச்சாகியிருந்தாலும் அங்கே அதை யாரும் மதிப்பதில்லை. அங்கே நிற்கிறவர் பாட வேண்டும், கை தட்ட வேண்டும், குதிக்கச் சொன்னால் குதிக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவரை முறைப்பார்கள், போனை நீட்டி வீடியோ எடுக்கிறவரைக் கையைத் தட்டியே இறக்கச் சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அதற்குள் நிற்கக் கூடாது, எதிரே தெரிகிற இடத்தில் உட்கார வேண்டும். மைதானத்தின் நீளவாட்டு கேலரியில், அந்தக் கோலுக்கு அருகே உள்ள கடைசி இரண்டு மூன்று பிளாக்குகள்தான் சரியான இடம். ஆட்டமும் தெரியும், பாடும் கூட்டமும் பக்கவாட்டில் முழுசாகத் தெரியும், சத்தத்துக்கும் குறைவிருக்காது. விலை கொஞ்சம் கூடுதல். கோலுக்குப் பின்னால் மலிவாக இருப்பதற்குக் காரணமே பாடுகிறவர்கள் தொடர்ந்து வர வேண்டும் என்பதுதான்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நல்ல உதாரணம். 81,365 பேர் கொள்ளும் மைதானத்தில் தெற்கு கேலரியில் மட்டும் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நின்று பார்க்கிறார்கள். பாட்டைத் தொடங்குவது அதன் நடுவில் உள்ள 12, 13-ஆம் பிளாக்குகள். ‘மஞ்சள் சுவர்’ எனப்படும் அந்தத் தெற்கு கேலரியை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் கிழக்கு அல்லது மேற்கு கேலரியில் தெற்கு மூலைக்கு அருகே இடம் தேடுங்கள்.

ரோமில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலிம்பிகோ ஸ்டேடியம் ரோமா, லாசியோ இரண்டு கிளப்புக்குமே சொந்த மைதானம். ரோமாவின் கூட்டம் தெற்கு வளைவில் நிற்கும், லாசியோவின் கூட்டம் வடக்கு வளைவில். எந்த ஆட்டம் என்று பார்க்காமல் ‘வடக்கு காலியாக இருக்கிறதே’ என்று வாங்கிவிடாதீர்கள். தவிர, அங்கே ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை இருக்கிறது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்தில் நடப்பது எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். டைபர் நதிப் பக்கத்து ‘தெவெரே’ கேலரி எந்த ஆட்டத்துக்கும் கவலையில்லாத இடம். செர்பியாவின் பெல்கிரேடிலும் இதே திசைக் கணக்குதான்: ரெட் ஸ்டார் கூட்டத்துக்கு வடக்கு, பார்ட்டிசான் கூட்டத்துக்குத் தெற்கு. அங்கே ரசிகர் பேச்சில் திசையின் பெயரே கூட்டத்தின் பெயர்.

சீட் வரைபடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். எதிரணி ரசிகர்களுக்கான பகுதி பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் பிளாக்கில் டிக்கெட் கடைசிவரை மிஞ்சுவதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் கோப்பை, சில்லறை, சில நேரம் இன்னும் மோசமான பொருட்கள் எல்லாம் அந்தத் தடுப்பைத் தாண்டித்தான் பறக்கும்.

பியூனஸ் அயர்ஸில் போகா ஜூனியர்ஸ் ஆட்டம் பார்க்க வேண்டும். கிளப் இணையதளத்தில் டிக்கெட்டே காணோம். ஓர் ஏஜென்ட் ‘பேக்கேஜ்’ என்று பெரிய தொகை கேட்கிறார். நம்பலாமா?

தளத்தில் டிக்கெட் காணாததற்குக் காரணம் எளிது. பொம்போனெரா மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல்தான் இடம், கிளப்பின் உறுப்பினர்களோ அதைவிடப் பல மடங்கு. உறுப்பினருக்கே முறை வைத்துத்தான் இடம் கிடைக்கிறது என்னும்போது வெளியாளுக்குக் கவுன்டர் விற்பனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏஜென்ட்டுகள் விற்பது பெரும்பாலும் இன்னொருவருடைய உறுப்பினர் அட்டையை. ஆட்டத்தன்று காலையில் ஓரிடத்தில் கூட்டிச் சேர்த்து, வேனில் ஏற்றி, வாசலுக்கு அருகே அட்டையைக் கையில் கொடுப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் நடந்துவிடும். நடக்காத நாளில் சுழல்கதவில் சிவப்பு விளக்கு எரியும், அட்டையின் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டும் பொருந்தாது, போலீஸ் ஓரமாக நிற்கச் சொல்லும். அப்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

அப்படியும் போவதென்றால் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்த கேலரி? அட்டை யார் பெயரில் இருக்கும்? வாசலில் திருப்பி அனுப்பினால் பணம் திரும்புமா? முதல் கேள்விக்கு ‘பிளாதேயா’ என்று பதில் வந்தால் உட்காரும் இடம். ‘போபுலார்’ என்றால் நின்று பார்க்கும் படிகள், அதாவது மேலே வேண்டாம் என்றோமே, அதே கோலுக்குப் பின்புறம். போகாவின் ‘லா டோசே’ என்ற கூட்டம் நிற்பதும் அங்கேதான். அர்ஜென்டினாவில் இந்தக் கூட்டங்களுக்கு ‘பாரா பிராவா’ என்று பெயர். பாட்டும் மேளமும் மட்டும் அவர்கள் தொழில் அல்ல என்பது ஊரறிந்தது.

மாற்று வழி சொல்லவா? போகாவின் பரம வைரியான ரிவர் பிளேட்டின் மொனுமெந்தல் மைதானம் எண்பதாயிரத்துக்கும் மேல் கொள்ளும். ஆனால் அங்கும் உறுப்பினர்களுக்கே முன்னுரிமை. நகரத்தின் மற்ற கிளப்புகளைப் பாருங்கள். மாரடோனா 1976 அக்டோபர் 20 அன்று, பதினாறு வயது நிறைய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, தொழில்முறை ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கியது அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் அணிக்காக. லா பத்தெர்னால் பகுதியில் உள்ள அந்த கிளப்பின் மைதானம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. சிறிய மைதானம், ஆடுகளம் கைக்கெட்டும் தூரத்தில். நகரத்தை ஒட்டிய அவெஜானெதாவில் ரேசிங், இன்டிபென்டியென்டே என்ற இரண்டு பரம வைரிகளின் மைதானங்களும் ஒன்றுக்கொன்று சில நூறு மீட்டர் தூரத்தில் நிற்கின்றன. இத்தகைய கிளப்புகள் சில ஆட்டங்களுக்கு உறுப்பினர் அல்லாதோருக்கும் எஞ்சிய டிக்கெட்டைத் திறந்துவிடும், ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால் அவர்கள் இணையப் பக்கத்தைப் பாருங்கள்.

எதிரணி ரசிகர்களுக்கு அர்ஜென்டினாவில் 2013 முதல் அனுமதி இல்லை. 2025-இல் சில ஆட்டங்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். ஆகவே அரங்கம் முழுக்க ஒரே நிறமாகத்தான் இருக்கும். போகா இருக்கும் பக்கம் போகும்போது சிவப்பு வெள்ளைச் சட்டை வேண்டாம், அது ரிவரின் நிறம். ஒரு காலத்தில் அந்த மைதானத்தில் கோக கோலா விளம்பரமே சிவப்பை விட்டுக் கறுப்பு வெள்ளையில்தான் இருந்தது.

ஜூன் மாதமே இங்கிலாந்து அட்டவணை வந்துவிட்டது. சனிக்கிழமை ஆட்டம் பார்த்துவிட்டு ஞாயிறு காலை விமானம் பிடிக்கத் திட்டம். சரிதானே?

சரியில்லை. ஜூனில் வருவது முதல் வரைவு மாதிரி. டிவி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்ததும் சனி மதியம் 3 மணி ஆட்டம் வெள்ளி இரவுக்கோ ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ நகரும். கோப்பைப் போட்டிகளில் ஓர் அணி முன்னேறினால் லீக் ஆட்டம் வேறொரு மாதத்துக்கே போய்விடலாம். ஜெர்மனியிலும் சுற்று எண் மட்டும்தான் முதலில் உறுதி. எந்த நாள், எத்தனை மணி என்பது சில சுற்றுகளுக்குச் சேர்த்துப் பிறகுதான் வரும். இத்தாலியும் ஸ்பெயினும் இதில் இன்னும் தாராளம்.

எனவே வெள்ளி முதல் திங்கள் இரவு வரை அதே நகரத்தில் தங்குகிற மாதிரி அமைத்துக்கொண்டு, விமானத்தைச் செவ்வாய்க்கு வையுங்கள். மாற்ற முடியாத ரயில் டிக்கெட்டை ஆட்ட நேரம் உறுதியான பிறகு வாங்குங்கள்.

இங்கிலாந்து டிக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கிளப்புகளில் முதலில் ஆண்டு உறுப்பினர் கட்டணம் செலுத்த வேண்டும், பிறகு குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். அதில் விழாவிட்டால் கிளப்பே நடத்தும் மறுவிற்பனைப் பக்கத்தை ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் அடிக்கடி திறந்து பாருங்கள். வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இடத்தை அங்கேதான் விடுகிறார்கள். வேறு இணையதளத்திலோ தெருவிலோ வாங்க வேண்டாம். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்றவர் காணாமல் போவார், ரத்தான டிக்கெட்டோடு வாசலில் நிற்பது நீங்கள்.

மிலன் ஆட்டத்துக்கு நண்பர்கள் இருவருக்கு டிக்கெட் எடுத்தோம். ஒருவர் வரவில்லை. அவர் டிக்கெட்டில் என் தம்பி போகலாமா?

அப்படியே போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இத்தாலியில் டிக்கெட் பெயரோடுதான் வரும், அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விற்ற தளத்தில் பயனாளர் பெயரை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆட்டங்களுக்கு இருக்கும், அதற்கும் கடைசி நேரம் ஒன்று உண்டு. தம்பியின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், டிக்கெட்டில் வெறும் இனிஷியல் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று அவசரத்தில் இருக்கும் ஊழியருக்கு விளக்குவது பெரும்பாடு. ஆட்டத்தன்று அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், போனில் இருக்கும் படம் போதாது.

இஸ்தான்புல் போகிறோம். அங்கே தனியாக ஓர் அட்டை வேண்டும் என்கிறார்களே?

ஆம், துருக்கியில் 2014-இல் ‘பாஸோலிக்’ என்ற மின் அட்டை முறை வந்தது. காகித டிக்கெட் என்று எதுவும் இல்லாமல், உங்கள் பெயரில் உள்ள அட்டையில் அல்லது அதன் ஆப்பில் ஆட்டத்தை ஏற்றுவார்கள். வெளிநாட்டவர் பாஸ்போர்ட் எண்ணை வைத்துப் பதிவு செய்யலாம். இதை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்கு வரும், அங்கே போய் சிம் மாற்றிவிட்டு உட்கார்ந்தால் அது வராது. போகிற சீசனில் என்ன நடைமுறை என்று கிளப்பின் டிக்கெட் பக்கத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இஸ்தான்புல்லின் மூன்று பெரிய கிளப்புக்கும் மூன்று வழி. பெஷிக்டாஷ் மைதானம் டோல்மாபாசேவில், பாஸ்பரஸ் கரையை ஒட்டி, தக்சிம் சதுக்கத்திலிருந்து இறங்கி நடக்கலாம். கலாட்டாசராய்க்கு மெட்ரோவில் செய்ரான்டெபே நிலையம். ஃபெனர்பாசே ஆசியக் கரையில் கடிக்கோய் பகுதியில், படகில் போவதுதான் அழகு. மஞ்சள் சட்டை போட்டால் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மஞ்சளும் சிவப்பும் கலாட்டாசராய், மஞ்சளும் கருநீலமும் ஃபெனர்பாசே. சாம்பல் நிறம் போட்டுக்கொண்டு போனால் யாருக்கும் வம்பில்லை.

பிரேசிலில் முகத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்களாமே, உண்மையா?

உண்மைதான். 2023-இல் வந்த விளையாட்டுச் சட்டப்படி 20 ஆயிரத்துக்கு மேல் கொள்ளும் மைதானங்களில் முக அடையாளப் பதிவு கட்டாயம், இரண்டு வருட அவகாசம் 2025 ஜூனில் முடிந்தது. டிக்கெட் வாங்கும்போதே பாஸ்போர்ட் விவரமும் செல்ஃபியும் ஏற்ற வேண்டும். தொப்பி, கண்ணாடி இல்லாமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி எடுங்கள். ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஃபிளமெங்கோ கூட்டம் வடக்கே, ஃபுளுமினென்சே கூட்டம் தெற்கே. மீண்டும் அதே திசைக் கணக்கு.

பையில் என்னென்ன வைத்துக்கொள்ளலாம்?

பை இல்லாமல் போவதே உத்தமம். பல மைதானங்களில் ஏ4 தாள் அளவுக்கு மேற்பட்ட பையை விடுவதில்லை. பொருள் காப்பிடம் இருந்தாலும் ஆட்டம் முடிந்து அந்த வரிசையில் அரை மணி நேரம் போகும். வாசலில் பறிபோகிறவை: கண்ணாடி பாட்டில், இரும்புத் தண்ணீர்ப் பாட்டில், கூர்முனைக் குடை, செல்ஃபி குச்சி, லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா, சென்ட் பாட்டில். பல நாடுகளில் பவர் பேங்கும் லைட்டரும் சேர்த்தி. பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான், எறிந்தால் காயம் படும். சில இடங்களில் சில்லறையைக்கூட வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இத்தாலியில் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் கொடுப்பார்கள். மூடியுள்ள நிறைபாட்டில் கல் மாதிரி பறக்கும், மூடி இல்லாவிட்டால் வழியிலேயே கொட்டிவிடும்.

பவர் பேங்க் இல்லாவிட்டால் போன் சார்ஜ் முக்கியம். டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இப்போது பல கிளப்புகளின் கியூஆர் கோடு சில வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது, பழைய படத்தைச் சுழல்கதவு ஏற்காது. வாசலில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரை இழுக்கும்போது ஆப் திறக்காது. அறையில் இருக்கும்போதே டிக்கெட்டைப் போனின் வாலெட்டில் சேர்த்துவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கார்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ரொக்கம் வாங்காத மைதானங்கள் பெருகிவிட்டன.

உள்ளே பீர் கிடைக்குமா?

ஜெர்மனியில் கிடைக்கும். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆடுகளம் தெரிகிற இடத்தில் குடிக்கக் கூடாது, கேலரிக்கு அடியில் நின்று குடித்துவிட்டு ஏற வேண்டும். ஸ்காட்லாந்தில் 1980 கோப்பை இறுதி ஆட்டக் கலவரத்துக்குப் பிறகு மதுவுக்குத் தடை வந்தது. ஸ்பெயினில் கேலரிக்காரர்களுக்கு ஆல்கஹால் இல்லாத பீர்தான். அர்ஜென்டினாவில் கிடையாது, குடித்துவிட்டுப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள்.

ஆட்டத்தையே பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே ஒருவர், அவர் யார்?

பாட்டுத் தலைவர். இத்தாலியச் சொல்லால் ‘கேப்போ’ என்பார்கள். கேலரியின் அடியில் சின்ன இரும்பு மேடை இருக்கும், அதில் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி ஏறி நின்றிருப்பார். கையில் மெகாபோன். பக்கத்தில் இரண்டு மூன்று மேளங்கள். அவர் ஒரு வரியைத் தொடங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு தட்டு தட்டுவார். மேளம் அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு நடு பிளாக், அப்புறம் ஓரங்கள். பின்வரிசைக்குப் போய்ச் சேரும்போது அரை வினாடி தாமதமாகிவிடும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்யத்தான் மேளம். கோல் விழுந்ததை அவர் பார்ப்பதே இல்லை, எதிரில் இருக்கும் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

போனைக் கண்டால் அவருக்கு ஏன் கோபம் வருகிறது என்பதற்கு இரண்டு காரணம். போன் பிடித்த கை தட்டாது. இன்னொன்று, அங்கே எடுக்கும் வீடியோ நாளைக்கு யாரையாவது போலீஸில் மாட்டிவிடலாம். பக்கவாட்டு கேலரியிலிருந்து தூரக் காட்சியாக எடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். முகங்களை ஜூம் செய்யாதீர்கள்.

சில ஆட்டங்களில் உங்கள் இருக்கையிலேயே வண்ண அட்டை வைத்திருப்பார்கள். கூடவே ஒரு துண்டுத்தாள் இருக்கும். அணிகள் உள்ளே வரும் நொடியில் அட்டையின் மேல் விளிம்பை இரு கையாலும் பிடித்து, வண்ணப் பக்கம் ஆடுகளத்தைப் பார்க்க, முகத்துக்கு நேரே உயர்த்த வேண்டும். ஆயிரக்கணக்கான அட்டைகள் சேர்ந்தால்தான் எழுத்தோ படமோ வரும். நீங்கள் படம் எடுக்க அட்டையைக் கீழே வைத்தால் அந்த எழுத்தில் ஒரு பல் போன மாதிரி இருக்கும். பெரிய துணி தலைக்கு மேல் வந்தால் ஓரத்தை இழுக்காமல் உள்ளங்கையால் தள்ளிவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் இருட்டாக, புழுக்கமாக இருக்கும். அதன் அடியில் லைட்டர் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது.

ஜெர்மனியில் கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் வீரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார், குடும்பப் பெயரை அரங்கம் கத்தும். இரண்டு மூன்று முறை கேட்டால் பிடிபட்டுவிடும். இது எல்லா கேலரிக்கும் பொது, தயங்காமல் சேர்ந்துகொள்ளலாம்.

எட்டு வயது மகளை அழைத்துப் போகலாமா? சத்தமும் புகையும் பயமாக இருக்கிறது.

அழைத்துப் போகலாம், குடும்ப பிளாக்கில். சத்தத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் வழங்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். இஸ்தான்புல்லில் கலாட்டாசராய் ரசிகர்கள் 2011 மார்ச் 18 அன்று எழுப்பிய சத்தம் 131.76 டெசிபல் என்று கின்னஸில் பதிவானது. அது உச்ச நொடிதான், ஆனாலும் குழந்தையின் காதுக்கு மேலே கவிழ்க்கிற ஹெட்போன் வகைக் காதுமூடி அவசியம். பெரியவர்களுக்கு ஃபோம் காதடைப்பான் போதும். மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, உப்பும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தி வையுங்கள். நுனியில் மட்டும் செருகினால் பாதி நேரம் கீழே விழுந்து தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஃப்ளேர் எனும் வண்ணத்தீ பல நாடுகளில் தடை, இருந்தும் கொளுத்துகிறார்கள். அதன் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தரும் ரசாயனம் உள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பாலியெஸ்டர் ஜாக்கெட்டில் பொறி பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி பரவாயில்லை. புகை காற்று வீசும் திசையில் நகரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வையுங்கள், மருத்துவச் சீட்டும் கூட இருந்தால் வாசலில் கேள்வி வராது.

கூட்ட நெரிசலில் மாட்டிக்கொண்டால்?

இதற்கு மட்டும் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது. 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் 97 பேர், 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் 135 பேர் இறந்தார்கள். முதலாவதில் வேலிக்கும் கூட்டத்துக்கும் இடையில் நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றது. இரண்டாவதில் கண்ணீர்ப்புகையிலிருந்து தப்பி ஓடியவர்கள் குறுகிய வாசல்களில் அடைபட்டார்கள்.

நின்று பார்க்கும் படிகளில் இடையிடையே இடுப்பளவு இரும்புத் தடுப்பு இருக்கும். அதன் மேல் சாய்ந்து பார்க்க வசதியாகத்தான் தோன்றும். ஆனால் கோல் விழுந்து பின்னாலிருந்து கூட்டம் சரியும்போது தடுப்பு உங்கள் வயிற்றுக்கு எதிரே இருந்தால் நசுக்கும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் அந்தத் தள்ளலை அதுவே தாங்கும். ஆகவே தடுப்புக்குக் கீழ்ப்படியில், அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வேலிக்கு அருகே முதல் வரிசை வேண்டாம்.

நெருக்கம் தொடங்கிவிட்டால் கைகளைக் குத்துச்சண்டைக்காரர் போல் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை தளரும்போது குறுக்காக ஓரத்தை நோக்கி இரண்டடி நகருங்கள். போன் விழுந்தால் விழட்டும், குனியவே கூடாது. உள்ளே நுழைந்ததும் நீங்கள் வந்த வாசலைத் தவிர இன்னொரு வெளிவாசல் எங்கே என்று பார்த்து வைப்பது எல்லா நாட்டுக்கும் பொது.

வாசலில் இரண்டு அணிப் பெயரும் சேர்த்து நெய்த மப்ளர் விற்கிறார்கள். நினைவாக வாங்கலாமா?

வாங்கலாம், பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பாதி மப்ளர் போட்டவரை இங்கிலாந்தின் பழைய ரசிகர்கள் பார்க்கும் பார்வை, கல்யாணத்தில் இரண்டு வீட்டுப் பந்தியிலும் சாப்பிட்டவரைப் பார்க்கிற பார்வை. அதைவிட முக்கியம், சொந்த அணி கேலரியில் எதிரணி நிறத்தோடு உட்கார்ந்தால் பாதுகாவலர்கள் வெளியேற்றலாம். எதிரணி கோல் போட்டால் எழுந்து குதிக்காமல் இருப்பதும் இதில் அடக்கம்.

ஆட்டம் முடிந்து எப்படித் திரும்புவது?

நடுவே பதினைந்து நிமிட இடைவேளையும் கூடுதல் நேரமும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கடைசி விசிலுக்குப் பிறகு பதினைந்து இருபது நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். அவசரமாக வெளியே வந்தால் மெட்ரோ வாசலில் அதே இருபது நிமிடம் நெரிசலில் நிற்கப் போகிறீர்கள். மைதானத்துக்கு அருகே உள்ள நிலையத்தை விட்டுவிட்டு அடுத்த நிலையத்துக்கு நடப்பது பெரும்பாலும் வேகமானது. கூட்டம் நடக்கிற பெரிய சாலையிலேயே நடங்கள், குறுக்குச் சந்து வேண்டாம். டாக்ஸி வேண்டுமானால் ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போய்க் கூப்பிடுங்கள், அடைத்த சாலைக்குள் அது வராது. டோர்ட்மண்ட் போன்ற பல ஜெர்மன் கிளப்புகளில் ஆட்ட டிக்கெட்டே அன்றைய உள்ளூர் ரயிலுக்கும் செல்லும், டிக்கெட்டின் அடியில் போட்டிருக்கும்.

ஒன்றாகப் போகிறவர்கள் பிரிந்தால் சேர வேண்டிய இடத்தை உள்ளே போகும் முன்பே முடிவு செய்யுங்கள். ‘வாசலில் சந்திப்போம்’ என்றால் எந்த வாசல்? சிலை, கடைப் பெயர், நிலையத்தின் வெளிவழி எண் என்று ஏதாவது ஒன்று வேண்டும். அந்த அரை மணி நேரம் போன் வேலை செய்யாது.

எந்தப் பெரிய கிளப்பிலும் டிக்கெட் கிடைக்கவில்லை. பயணத் தேதியும் மாறாது. வேறு வழி?

கீழ் டிவிஷன் ஆட்டத்துக்குப் போங்கள். ‘கிடைக்கவில்லையே’ என்று போகிறவர்கள் பலர் அடுத்த பயணத்தில் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். இங்கிலாந்தில் தொழில்முறை லீக்குக்குக் கீழே ஆடும் கிளப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. லண்டனில் டல்விச் ஹாம்லெட் போன்றவற்றுக்கு வெளியூர் ரசிகர்களே கிளம்பிப் போகிறார்கள். பெரும்பாலான ஆட்டங்களுக்கு வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும், பாஸ்போர்ட்டும் அட்டையும் தேவையில்லை. முதல் ஐந்து டிவிஷனுக்குக் கீழே 1985 மதுச் சட்டம் பொருந்தாது என்பதால் பீர்க் கோப்பையோடு ஆடுகளத்தின் கம்பியில் சாய்ந்து பார்க்கலாம். கோல்கீப்பர் தன் பின்வரிசைக்காரர்களைத் திட்டுவது சொல் சொல்லாகக் கேட்கும்.

முதல் கேள்விக்காரர் ஆசைப்பட்டதும் இங்கே நடக்கும். இரு தரப்பு ரசிகரையும் பிரிக்காத ஆட்டங்களில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் அணி எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ அதன் பின்னால் நிற்பார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது மேளம், கொடி, கோப்பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பார்கள். எதிரணிக்காரர்கள் எதிரே வருவார்கள், நடுவழியில் இரு கூட்டமும் கேலி பேசிக்கொண்டே கடக்கும். நீங்களும் அவர்களோடு நடக்கலாம். மழைக்கோட் எடுத்துக்கொள்ளுங்கள், கோலுக்குப் பின்னால் பெரும்பாலும் கூரை இருக்காது.